மூன்றாவது வளைவுக்குத் துக்கம் சொல்லப் போனவன்

ஜுமாதிலுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வியாதியாகத்தான் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் ஒரே அனல் மின் நிலையத்தில் அவனோடு குப்பை கொட்டியவள் நான். கொதிகலன் கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு நான் பொறுப்பு. குழாய்களின் கனம் பார்ப்பது அவன் வேலை. நானும் என் ஆட்கள் ஆறு பேரும், அவன் 'பரவாயில்லை' என்று சொன்ன குழாய்களுக்கு அடியில்தான் நாள் முழுக்க நின்றோம். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்தால் விஷயத்துக்கு வர அரை மணி ஆகும் என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

அவன் கல்யாணம் நடந்த லட்சணத்தைச் சொன்னால் ஆள் எப்படி என்று புரிந்துவிடும். குல்ஷாராவைப் பிடித்துப்போய்விட்டது. அதை அவளிடம் சொல்ல வேண்டியதுதானே? இவன் அவள் அப்பாவிடம் போய், 'உங்கள் தகரக் கூரை ஒழுகும்போல் இருக்கிறதே' என்றான். நாலு மாதம், ஞாயிறுதோறும், ஏணி போட்டு ஏறி ஆணி அடித்தான். ஒழுகாத இடத்திலும் அடித்தான். கடைசியில் அந்தப் பெண்தான் பொறுக்கமாட்டாமல் ஏணியில் ஏறிப் பாதியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"நீ கட்டிக்கப் போறது கூரையையா, என்னையா?"

"கூரை முடிஞ்சுடுச்சு," என்றான் இவன். அதுதான் சம்மதம். இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை வந்தால் குல்ஷாரா அதைச் சொல்லித்தான் அழுவாள்.

எங்கள் நாய் நிலக்கரி லாரியில் அடிபட்டுச் செத்தபோது என்னிடம் அதை யாரும் சொல்லாமல் இவனை அனுப்பினார்கள். வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்து, "ஏன்க்கா, நல்ல கழுத்துப் பட்டை ஒண்ணு இருக்கு, யாருக்காவது வேணுமா?" என்றான். நான் புது நாய் ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று வாசலுக்கு ஓடினேன்.

ஆனால் தொழிலில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பினால், அது உள்பக்கச் சுவரில் முட்டித் திரும்பி வரும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்து இரும்பின் கனத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் கருவி எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். எங்கள் கேன்டீன் அண்டாவின் அடிப்பாகம் இரண்டு மில்லிமீட்டர் என்று கேட்காமலே அளந்து சொன்னவன். குளிர்காலத்தில் உறைந்துபோன ஆற்றுப் பனியின் மேல் மீன் பிடிக்கப் போகிறவர்கள் இவனைக் கூட்டிப்போய்ப் பனியின் கனம் கேட்பார்கள். பனி மெல்லிசாக இருந்தால், "போன வருஷப் பனி இருக்கே, அது பனி," என்பான். அவனைத் தெரிந்தவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தெரியாத இரண்டு பேரை ஒருதரம் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து கயிறு போட்டு இழுத்தோம்.

குழாய் விஷயத்தில் அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. நிலையம் ஓடும்போது குழாய் கொதிக்கும். ஒலியை அனுப்பி வாங்கும் பழைய சென்சாரை அதில் வைத்தால் அறுபது டிகிரி தாண்டியதும் செத்துப்போகும். ஆகவே கோடையில் எல்லாவற்றையும் நிறுத்திக் குளிரவைத்த பிறகுதான் அளக்க முடியும். குழாய் எப்போது தேய்கிறது? ஓடும்போது. எப்போது அளக்கிறோம்? ஓடாதபோது. இதைச் சொல்லிச் சொல்லி இவன் மாய்ந்துபோவான். அதாவது, சொல்லமாட்டான். பெருமூச்சு விடுவான், நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோடையில் தலைமையகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எட்டு புது சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ நீளத்தில் மெல்லிய எஃகுப் பட்டை. பட்டையின் ஒரு முனையைக் குழாயோடு அழுத்திக் கட்டிவிட வேண்டும். சென்சார் மறுமுனையில், சூடு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒலி பட்டை வழியாகப் போய்ப் பட்டை வழியாகவே திரும்பும். குழாய் எவ்வளவு கொதித்தாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் கனம் இவ்வளவு என்று இவன் கணினிக்குச் செய்தி வந்துவிடும். பெரிய அதிகாரிகள் வந்து, பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, குதிரைக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அந்த எட்டையும் உலகத்தில் நினைத்துப் பார்த்தது ஜுமாதில் ஒருத்தன்தான்.

எட்டையும் அவன் கொதிநீர்க் குழாயின் எட்டு வளைவுகளில் கட்டினான். அந்தக் குழாயில் ஓடுவது தண்ணீர்தான், ஆனால் இருநூற்று முப்பது டிகிரித் தண்ணீர். அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் அது தண்ணீராகவே இருக்கிறது. குழாய் விட்டால் அந்தக் கணமே அத்தனையும் ஆவியாகும். அப்போது கீழே நிற்கிறவர்களுக்கு ஓட நேரம் இருக்காது. மூன்றாவது வளைவு எங்கள் மேஜைக்கு நேர் மேலே இருந்தது. பதிவேடு எழுதுவது, ரொட்டி தின்பது, தேநீர் குடிப்பது, ஒருவர் தலையை ஒருவர் உருட்டுவது எல்லாம் எங்களுக்கு அந்த மேஜையில்தான்.

அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் ஒருநாள் ஜுமாதில் வந்து மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, இந்த மேஜையை அந்தத் தூணுக்குப் பக்கத்துல போட்டா என்ன?"

"ஏன்?"

"வெளிச்சமா இருக்கும்."

"தூணுக்குப் பக்கத்துல விளக்கே கெடையாதேடா."

"அதைத்தான் சொல்றேன். கண்ணுக்குக் குளுமையா இருக்கும்."

எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது, விரட்டிவிட்டேன். மறுநாள் வந்தால் மேஜை தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் ஆட்கள் அதைத் திரும்பவும் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அதற்கு மறுநாள் மறுபடி தூணுக்குப் பக்கத்தில். நாலாவது நாள் இவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "இப்ப நீ வாயைத் திறக்கலேன்னா உன்னைத் தூக்கி அந்தக் குழாய் மேல உக்கார வெச்சுடுவேன்," என்றேன். அதற்கப்புறமும் முதல் வளைவு எவ்வளவு நன்றாக இருக்கிறது, இரண்டாவது எவ்வளவு பிரமாதம் என்று ஆரம்பித்தான். எட்டாவது வரைக்கும் போய், மூன்றை மட்டும் விட்டுவிட்டான்.

"மூணு?"

தரையைப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"ஆகஸ்டுல பதினாலு புள்ளி ஒம்போது இருந்துச்சு அக்கா."

"இப்ப?"

"பதிமூணு புள்ளி அஞ்சு."

பதினாலு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்பது விதி. மேஜையை நானே தூணுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். மேஜையை நகர்த்தி என்ன, வேலை அங்கேதானே இருக்கிறது? வால்வுகள் எல்லாம் வளைவுக்கு அடியில்.

"தலைமைப் பொறியாளருக்குச் சொன்னியா?"

"எழுதிக் கொடுத்திருக்கேன்."

அவன் எழுதிக் கொடுத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? நானே கிளம்பிப் போனேன்.

தலைமைப் பொறியாளர் ஒராஸ்பெக் கெட்டவர் இல்லை. நாங்கள் மரியாதைக்குப் பெயரைச் சுருக்கி ஒரெக்கே என்போம். ஆனால் அந்த ஜனவரி அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. வெளியே முப்பத்திநாலு டிகிரிக் குளிர், சுழியத்துக்குக் கீழே. ஊர் முழுக்க வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சூடு போவது எங்களிடமிருந்துதான். முதல் யூனிட்டைப் பழுது பார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது எங்கள் வளைவு இருக்கிற இரண்டாவது யூனிட்டும், அதோடு மூன்றாவதும். நகராட்சியிலிருந்து மணிக்கொருதரம் போன் வரும். நான் போய்க் கத்தினேன். கத்துவது எனக்குப் பழக்கம், அதுதான் கோளாறு. கொதிகலன் இரைச்சலில் இருபத்தாறு வருஷம் நின்றால் யாருக்கும் குரல் அப்படித்தான் ஆகும். வால்வுக்கு எண்ணெய் வேண்டும் என்றாலும் அதே குரல், உயிர் போகிறது என்றாலும் அதே குரல். ஒரெக்கே காதில் அது எண்ணெய் மாதிரிதான் விழுந்தது.

"ராபிகா, ரெண்டாவதையும் நிறுத்திட்டா ஊருக்கு யாரு சூடு கொடுப்பா? நீ ஊதிக் கொடுப்பியா?"

"வளைவு விட்டா ஏழு பேர் வெந்துபோவோம் ஒரெக்கே. ஜுமாதில் எழுதிக் கொடுத்திருக்கானே, பாக்கலையா?"

இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். இரண்டு பக்கம் மற்ற ஏழு வளைவுகளின் சுகசேமம். கடைசி வரியைப் படித்துக் காட்டினார்: "'மூன்றாவது வளைவு தன் இளமையில் இருந்ததுபோல் இப்போது இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' நான்கூடத்தான் இல்ல. என்னையும் நிறுத்திடலாமா?"

"எண்ணு போட்டிருப்பானே கீழே."

"போட்டிருக்கான், எறும்பு சைஸுல. பாரும்மா, அது புதுச் சாமான். சூட்டுல அந்தப் பட்டைக்கு மூளை குழம்பியிருக்கும். மார்ச்சுல நிறுத்தும்போது ஆற வெச்சு ஒழுங்கா அளப்போம்."

நான் திரும்பி வந்து ஜுமாதிலிடம் இதைச் சொன்னேன். "சூட்டுல தப்பாக் காட்டுமாடா?" என்றேன். அவன் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. சூட்டில் இரும்புக்குள் ஒலி மெதுவாகத்தான் போகுமாம். கணக்கைச் சரிசெய்யாமல் விட்டால் சுவர் இருப்பதைவிடக் கனமாகத்தான் காட்டுமாம். தப்பு வந்தாலும் நமக்கு ஆறுதலாகத்தான் தப்பு வரும் என்றான். இவன் அந்தத் தப்பையும் கழித்துவிட்டுத்தான் எண் கொடுத்திருக்கிறான்.

"இதை அவர்கிட்டப் போய் இப்படியே சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன் அக்கா."

அந்த 'நாளைக்கு' வர மூன்று வாரம் ஆயிற்று. பதிமூன்று புள்ளி நாலு. பதிமூன்று புள்ளி இரண்டு. தினமும் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, வளைவுக்கு அடியில் நின்று, ஏதோ துடைக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருப்பான். என் ஆட்களிடம், ஆளாளுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா எப்படி, மாமியார் எப்படி என்று விசாரிப்பான். நான் பயத்தில் பற்களைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? நான் போனால் இன்னொருத்தி வந்து அதே இடத்தில் நிற்பாள்.

மூன்றாவது வார முடிவில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தனியாகப் போனால் நாக்கு எழாது, கூட ஒரு பெரிய மனிதர் இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைத்தான். கிடங்குப் பொறுப்பாளர் தொக்தாரைப் போய்ப் பார்த்தான். எழுபத்திமூன்று வயது, வெள்ளைத் தாடி. ஒராஸ்பெக்கின் அம்மா இருக்கிற அதே கிராமத்துக்காரர். நிலையத்திலேயே ஒராஸ்பெக் எழுந்து நின்று பேசுவது அவர் ஒருத்தரிடம்தான்.

ஜுமாதில் செய்த பிசகு இங்கேதான். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் வாசலில் நின்று பட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். மரியாதைப்பட்ட இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவார்கள். உட்கார்வார்கள். உலகத்தில் எதுவும் தங்காது என்பதுபோல ஏதேதோ பேசி, கேட்கிறவர் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்து, அவராகவே புரிந்துகொள்ளும்படி விடுவார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு அப்படிப் போவதென்றாலும் முன்னால் போகிறவர் தொக்தார். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டுத் தெருவில் நடந்தால் ஜன்னல்கள் எல்லாம் மூடிக்கொள்ளும்.

அவரிடம் போய் இவன் சொன்னது இவ்வளவுதான்: "ஒரெக்கேகிட்ட ஒரு கெட்ட சேதி சொல்லணும். எனக்குத் தனியாப் போகத் தெம்பு இல்ல. கூட வாங்க."

வேறு யாராக இருந்தாலும் என்ன சேதி என்று கேட்டிருப்பார்கள். தொக்தார் கேட்கவில்லை. சாவு விஷயத்தில் துருவிக் கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. "எப்போ?" என்று மட்டும் கேட்டார். இவன் "நாளைக்குக் காலைல" என்றான். பெரியவர் கறுப்புக் கோட்டைத் தேய்த்து வைத்தார்.

இனி நடந்ததில் பாதி செயலாளர் லரீஸா சொன்னது, பாதி நானே பார்த்தது. காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். ஒராஸ்பெக் போனில் நகராட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். தொக்தார் ரோமத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஜுமாதில் அவர் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒராஸ்பெக்," என்றார் தொக்தார், துக்கம் சொல்லப் போகிற அந்தக் குரலில். "எத்தனையோ பெரிய பெரிய ஆளுங்க இந்த மண்ணுல நடந்து போயிருக்காங்க. நாட்டை ஆண்ட கான்கள் இருந்தாங்க. வீரர்கள் இருந்தாங்க. இப்ப எங்கே இருக்காங்க?"

ஜுமாதிலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆகா, விஷயத்தை எவ்வளவு அழகாக எடுக்கிறார் என்று நினைத்தானாம். கான்களிலிருந்து கொதிநீர்க் குழாய்க்கு வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் நமக்கும் தைரியம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான் மடையன்.

ஒராஸ்பெக் முகத்தில் ரத்தம் இல்லை. "பெரியப்பா," என்றார். "அம்மாவா?"

தொக்தாருக்குச் செத்தது யார் என்று தெரியாதே தவிர, இந்தக் கேள்விக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாற்பது வருஷ அனுபவம் உண்டு. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். "மனசைத் திடப்படுத்திக்கோப்பா."

ஒராஸ்பெக் அழுத அழுகை கொதிகலன் கூடம் வரைக்கும் கேட்டது என்பார்கள். அது பொய், கொதிகலன் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் மாடி முழுக்கக் கேட்டது. லரீஸா ஓடி வந்தாள். கணக்குப் பிரிவு மொத்தமும் ஓடி வந்தது. ஆண்கள் வரிசையாக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், பெண்கள் சுவரோரமாக நின்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள், நானும் மாடியேறி ஓடினேன். நேற்றுவரை அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தவள், அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. சாவுச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் ஆடு அடிக்க ஆள் போய்விட்டது. கிராமத்துக்குப் போகக் காரைச் சூடாக்க டிரைவர் இறங்கிப் போய்விட்டான்.

இதற்கெல்லாம் நடுவில் ஜுமாதில் தூணாட்டம் நின்றான். யாரும் சாகவில்லை என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். அதையும் அவனுக்கு நேராகச் சொல்ல வரவில்லை. ஒராஸ்பெக்கின் முன்னால் போய் மண்டியிட்டு, "ஒரெக்கே, போயிட்டாங்கன்னு நாம நினைக்கிறவங்க எல்லாரும் உண்மையில போயிடறதில்ல," என்று ஆரம்பித்தான். அடடா, எப்படி ஆறுதல் சொல்கிறான் என்று பெண்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதார்கள். "சில பேரு இங்கேயேதான் இருக்காங்க," என்றான். ஒராஸ்பெக் அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

எங்களுக்குள் புத்தி தெளிவாக இருந்தவள் லரீஸா ஒருத்திதான். எங்கள் இனத்தவள் இல்லாததால் அவளுக்கு இந்தச் சுற்றிவளைப்பு எல்லாம் பழக்கம் இல்லை. அடக்கம் என்றைக்கு என்று அங்கே கூடியிருக்கிறவர்களைக் கேட்கலாம் என்று கிராமத்தில் அம்மாவின் வீட்டு நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்த குரலைக் கேட்டு அப்படியே வெளுத்துப்போய், ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

"யாரு? பேசுங்களேன். யாரு?" என்றது ஒரு கிழவியின் குரல்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"அம்மா?" என்றார் ஒராஸ்பெக்.

"ஒராஸ்பெக்கா? ஏண்டா குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறியா? யாரு செத்தது?"

"நீங்கதாம்மா."

"நானா? எப்போ?"

"இப்பத்தான்... தொக்தார் பெரியப்பா வந்து..."

"நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இப்பத்தான்டா உள்ளே வரேன். அவனுக்கு வயசாச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு. நீ சாப்டியா?"

எல்லோரும் தொக்தாரைப் பார்த்தோம். தொக்தார் ஜுமாதிலைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவருக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

"டேய்," என்றார். "அப்ப செத்தது யாரு?"

"இன்னும் யாரும் சாகல," என்றான் ஜுமாதில்.

ஒராஸ்பெக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "இன்னும்னா?" என்றார்.

ஜுமாதில் வழக்கம்போல் தரையைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

"மூணாவது வளைவு பதிமூணு புள்ளி ஒண்ணு ஒரெக்கே. பதினாலுக்குக் கீழ ஓட்டக் கூடாது. அதுக்கு அடியில ஒரு ஷிப்டுக்கு ஏழு பேர் நிக்கிறாங்க. அது விட்டுதுன்னா ஏழு வீட்டுக்கும் நானும் இவருந்தான் போயாகணும். இப்ப உங்க வீட்டுக்கு வந்த மாதிரி. நீங்க பட்ட பாட்டைப் பாத்துட்டேன். இன்னும் ஏழு வீடு என்னால முடியாது."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியது அதுதான். மேஜைமேல் போன் இன்னும் திறந்தே இருந்தது.

"டேய் ஒராஸ்பெக்," என்றது அந்தக் குரல். "அந்த ஏழு பேருக்கும் அம்மா இருக்காங்களாடா?"

ஒராஸ்பெக் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது யூனிட்டை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆறு மணி நேரம்."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றே?"

நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். என் ஆட்களை ஒவ்வொருவராக வளைவுக்கு அடியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, உலைக்குப் போகிற நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, தூரத்தில் நின்றபடியே வேலையை முடித்தோம். சாயங்காலம் நாலரைக்கு அந்தக் குழாய் ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

ஊர் எங்களைச் சபித்த சாபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நாலு நாள் வீடுகளில் சூடு பாதிதான். கோட்டுப் போட்டுக்கொண்டே தூங்கினார்கள். கடைக்குப் போனால் ரொட்டிக்காரி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒராஸ்பெக்கை நகராட்சியில் கூப்பிட்டு வைத்து இரண்டு மணி நேரம் வறுத்தார்கள். அவர் சென்சாரைப் பற்றியோ ஜுமாதிலைப் பற்றியோ வாயைத் திறக்காமல், 'என் முடிவு' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். தொக்தார் ஒரு வாரம் ஜுமாதிலோடு பேசவில்லை.

வளைவை அறுத்து இறக்கியபோது எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். பட்டை கட்டியிருந்த இடத்தில் ஜுமாதில் சொன்ன பதிமூன்று புள்ளி ஒன்று அச்சடித்தாற்போல் இருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, பட்டைக்கு எட்டாத இடத்தில், தண்ணீர் அரித்து அரித்து ஏழு மில்லிமீட்டர்தான் மிச்சம். ஒராஸ்பெக் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புது வளைவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது ஜுமாதில் என்னோடு தேநீர் குடித்தான். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏழு வீட்டுக்கும் எப்படிப் போறதுன்னு நெஜமாவே யோசிச்சு வெச்சிருந்தியாடா?"

"ஆறு வீட்டுக்கு யோசிச்சு முடிச்சுட்டேன் அக்கா. எந்த வீட்டுல எதுல ஆரம்பிக்கணும், யாரைக் கூட்டிட்டுப் போகணும் எல்லாம் ஆச்சு. உங்க வீடுதான்..." என்று நிறுத்தினான்.

"எங்க வீட்டுக்கு என்ன?"

"உங்க வீட்டுக்காரருக்குச் சுத்தி வளைச்சுப் பேசினாப் புரியாது. நாய் செத்தப்பவே பாத்தேன், நீங்களாவது வாசலுக்கு ஓடினீங்க, அவரு கழுத்துப் பட்டை எவ்வளவுன்னு விலை கேட்டாரு. அவருக்கு நேராத்தான் சொல்லணும். அது எப்படின்னு மூணு வாரமா யோசிச்சேன். வரல. அப்புறந்தான், அதுக்கு ஒரெக்கேகிட்டப் போறதே மேலுன்னு போனேன்."

அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் செய்த்கான் கோட்டும் தொப்பியுமாக மேஜையில் உட்கார்ந்து, சூடு வராத குழாயையும் எங்கள் நிலையத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் நானும் இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பேன். பேசாமல் சட்டியைத் திறந்து, எனக்கு வைத்திருந்த நல்ல கறித் துண்டு இரண்டையும் அவர் தட்டில் வைத்தேன். அவர் திட்டுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன விஷயம்?" என்றார். "யாரு செத்தது?"

"யாரும் இல்ல," என்றேன். "சாப்பிடுங்க."